இருபத்து மூன்று பெயர்கள்

“ஏலாது எண்டால் என்ன அர்த்தம், அக்னெஸ்? கிழவனை வெளிக்கிடுத்தி வாசலுக்குக் கொண்டு வாரும். நான் காரோடை வாறன்.”

“அண்ணை, நான் சொல்லுறதைக் கொஞ்சம்...”

அருமைராசா போனை வைத்துவிட்டார். தமிழ்ச் சங்கத் தலைவரான நாளிலிருந்து மற்றவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிற்று.

இன்றைக்கு அவருக்கு நிற்க நேரமில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் போய்த் திரும்பி வராத இருபத்து மூன்று உள்ளூர் இளைஞர்களுக்கு, எண்பது வருடம் கழித்து, அவர் புலம்பெயர்ந்து வந்த டோர்வல் நகரில் நினைவுக்கல் திறக்கிறார்கள். அவர்களோடு பறந்தவர்களில் மிச்சம் ஒரே ஒருவர், நூற்றொரு வயது லூசியன். இல்-பிசார் முதியோர் இல்லத்தில் அவரைப் பராமரிப்பவள்தான் அக்னெஸ்.

மேயருக்கு முன்னால் லூசியனுக்குப் பொன்னாடை போர்த்தச் சங்கத்துக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருந்தது. மற்றச் சங்கத்துக்காரருக்குக் கனவிலும் கிடைக்காத ஐந்து நிமிடம்! அதற்காக அருமைராசா இரண்டு கிழமை குளியலறைக்குள் நின்று இருபத்து மூன்று பெயரையும் பாடமாக்கியிருந்தார். கிழவர் வராவிட்டால் பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது? பேப்பரில் படம் எப்படி வரும்?

அக்னெஸ் ஏன் மறிக்கிறாள் என்று அவருக்கு விளங்காமலில்லை. அவருடைய ஊர்க்காரிதான். தொண்ணூறாம் ஆண்டு ஊரில் பொம்பர் விமானம் போட்ட குண்டில் தம்பியைப் பறிகொடுத்தவள். அந்தக் கோபத்தை இந்தக் கிழவரில் தீர்க்கப் பார்க்கிறாள்.

இல்லத்து வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார்.

“உம்மடை தம்பிக்கு இவரோ குண்டு போட்டவர்? அது வேறை பொம்பர், இது வேறை பொம்பர். மன்னிக்கப் பழக வேணும், அக்னெஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போய் என்ன பிரயோசனம்?”

“நான் எங்கை அண்ணை மறிச்சனான்? காலமை தொடக்கம் கெஞ்சுறன். அவர்தான் மாட்டாராம். நீங்களே வந்து கேளுங்கோ.”

லூசியன் கோட்டும் பதக்கங்களுமாகத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் சக்கர நாற்காலி மேசைப் பக்கம் திரும்பியிருந்தது. மேசையில் ஒரு பற்றரி மெழுகுதிரி. பக்கத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு சிறுவனின் பழைய சின்னப் படம். அதன் மூலையில் ஸ்ரேப்ளர் அடித்த இரண்டு துளைகள்.

அக்னெஸ் மெல்லச் சொன்னாள்: “ஒரு நாள் தான் பொம்பரிலை பறந்த கதையைச் சொன்னவர். அப்ப நான், ‘ஐயா, நான் கீழை நிண்டனான்’ எண்டன். அண்டைக்கே தம்பியின்ரை படத்தைக் கேட்டு வாங்கினவர். இண்டைக்கு அவன்ரை நினைவு நாள். அவனோடை இருக்கப்போறாராம்.”

இதற்கெல்லாம் அசைகிற ஆளா அருமைராசா? பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய நல்ல பிரெஞ்சில் தொடங்கினார். “ஐயா, உங்கள் தோழர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்!”

இருபத்து மூன்று பெயரையும் ஒன்று பிசகாமல் ஒப்புவித்தார்.

கிழவரின் கண் கலங்கிவிட்டது.

“அவர்களுக்கு இன்றைக்குக் கல் இருக்கிறது, மேயர் இருக்கிறார், நீங்களும் இருக்கிறீர்கள். இவனுக்கு இவளும் நானும்தான். மேலே இருந்து நான் வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்தேன். கீழே யார் இருந்தார்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை.”

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

“நீங்களும் இவனுடைய ஊராமே? அந்தப் பெயர்களோடு இவன் பெயரையும் வாசிப்பீர்களா? வாசித்தால் வருகிறேன்.”

அருமைராசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருபத்து மூன்றோடு ஒன்று இருபத்து நான்கு. அதில் என்ன வந்துவிடப் போகிறது?

“கட்டாயம் ஐயா, கட்டாயம்!” பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்தார். “கெதியாச் சொல்லும் அக்னெஸ், நேரம் போகுது. உம்மடை தம்பியாரின்ரை பேர் என்ன?”

அக்னெஸ் மேசையிலிருந்த படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“மறந்திட்டியளோ அண்ணை? இந்தப் படத்தை என்னட்டை வாங்கிக்கொண்டு போய்த்தானே, அகதி விசாரணையிலை ‘என்ரை சொந்தத் தம்பி’ எண்டு சொல்லி அழுதனீங்கள்!”