சமையலறைப் புற்று

கூடுவாஞ்சேரி வாடகை வீட்டின் சமையலறை மூலையில் கரையான் புற்று வைத்திருந்தது. பிரதீபா தினமும் காலையில் அதைத் தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் திரும்பி வந்தால், அது மறுபடியும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும்.

வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் கரையான் தெரியாது. வீட்டைக் கவனித்துக்கொண்ட நீலமேகத்துக்கு எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்தான். "ஆளு வந்துகினே கீறான் மேடம்." ஒருத்தனும் வந்ததில்லை.

ஒருநாள் அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது, புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. சாவி அவளிடம் மட்டும்தான் உண்டு. பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. யாராவது வந்து கவனித்தார்களே என்றுதான் இருந்தது.

கரையானுக்கு வராத நீலமேகம், இதைக் கேட்டதும் ஓடி வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இதுல கை வெக்கக் கூடாது மேடம். நீங்க வேற வூடு பாத்துக்குங்க."

"மஞ்சள் நான் பூசலைங்க."

"தெரியும் மேடம்."

ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு அடுப்பும் சிலிண்டரும் வண்டியில் ஏறின. காலி வீட்டைப் பூட்டிச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். பூட்டிய கதவுக்குள்ளிருந்து, புதுக்குடித்தனம் வந்தவர்கள் காய்ச்சுவதுபோல, பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது.