செத்தவன் பேர்

மீனின் வயிற்றைக் கீறி, உப்பைத் திணித்து, பீப்பாயில் அடுக்கிக்கொண்டிருந்தாள் ராக்னா. விரல் வெடிப்பெல்லாம் எரிந்தது.

பக்கத்து வீட்டு பெர்த்தே வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“நேத்து ஏன்டி கோயிலுக்கு வரலை? நல்ல கூத்தைக் கோட்டை விட்டியே!”

“குழந்தைக்குச் சளி, அக்கா.”

“உங்க வீட்டுல வேலை செஞ்சாளே ஓலினா, அவ பிள்ளைக்கு ஞானஸ்நானம். புருஷன் இல்லாம பெத்துட்டு, என்ன நெஞ்சழுத்தம், முன்னால வந்து நிக்கிறா!”

ராக்னாவின் கை நின்றது. “என்ன பேர் வெச்சாங்க?”

“ஆண்டர்ஸ்.”

“அது சரி. பின்னால?”

அந்த நார்வே கரையில் பின்னால் வருவதுதான் பேச்சே. அப்பன் பேரோடு ‘சென்’ ஒட்டினால் இன்னாருடைய மகன் என்று அர்த்தம். ராக்னாவின் புருஷன் ஹால்வர். அதனால் அவள் மகன் ஹால்வர்சென். கல்யாணம் ஆகாமல் பெற்றவள், அப்பன் யாரென்று சபை நடுவே சொல்லியாக வேண்டும்.

“பேடர்சென்னாம்! போன வருஷம் புயல்ல படகோட போனானே பேடர், நாதியத்த பய, அவன் தலையில கட்டிட்டா. செத்தவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லவா போறான்?”

ராக்னாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“கோயிலே காறித் துப்பிச்சு. செத்தவன் மேல பழி போட்டவளுக்கு இனிமே யார் வேலை கொடுப்பாங்க? சரியான மக்கு! உசிரோட இருக்கிறவனைக் கைகாட்டியிருந்தா, பிள்ளைக்கு மாவாவது அளந்திருப்பான்.”

“ம்.”

“நீ அவளைத் துரத்தினது ரொம்பச் சரி. மானமுள்ள வீடுன்னு ஊரே உன்னைத்தான் சொல்லுது.”

ராக்னா இன்னொரு மீனை எடுத்தாள். கீற முடியவில்லை. முகமெல்லாம் காந்தியது.

“என்னடி, ஒரு மாதிரி ஆயிட்டே?”

“அவளை வையாதீங்க, அக்கா.”

“ஏன்? திடீர்னு என்ன கரிசனம்?”

“சனிக்கிழமை அவ குடிசைக்குப் போனேன். கால்ல விழுந்தேன். ஒரு வார்த்தை என்னை ஏசலை, அக்கா. கைப்பிடிச்சுத் தூக்கிவிட்டா. நான்தான் கெஞ்சினேன், அந்தப் பிள்ளைக்கும் ஹால்வர்சென்னு பேர் வந்துடக் கூடா—”

“ராக்னா!” உள்ளேயிருந்து ஹால்வர் கத்தினான். “என் பையன் அழறான், காதுல விழலையா?”