ஊரைக் கேட்கும் வகுப்பு

மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, லண்டன் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரித் தாதி ஹினே, தன் மலையையும் ஆற்றையும் முன்னோரையும் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்கியிருக்கிறார். நோயாளியைத் தொடுமுன் மாணவரும் அப்படித் தன்னைச் சொல்லவேண்டும். பாஸா பெயிலா என்பதை நோயாளியே தீர்மானிப்பார். இதெல்லாம் வெள்ளைக்காரருக்கான பாடம் என்று இலங்கைத் தமிழ் மாணவி சுகிர்தாவுக்கு எண்ணம். எதிரே, இன்று அவளுக்கு நோயாளியாக வந்திருக்கும் மன்னார்த் திரேசம்மா, கைப்பையை மடியில் வைத்து அவளையே பார்க்கிறார். "அன்ரி, ஊரிலை எந்தப் பக்கம்?" சுகிர்தா சிரித்துக்கொண்டு கேட்கிறாள். "பெயில்" என்கிறார் திரேசம்மா. தமிழ் விளங்காத வட்டத்துக்கு அந்தச் சொல் மட்டும் விளங்கிவிடுகிறது. யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். "ஏன் அன்ரி?" "உம்மட ஊரைச் சொல்லாமல் என்ர ஊரைத் துருவுறீர். என்ன ஆக்களெண்டு அறியத்தானே?" சுகிர்தாவுக்குக் காது சுடுகிறது. ஊரை வைத்துச் சாதியை அறியும் இதே கேள்விக்குப் பயந்து, கேட்பவர்களிடமெல்லாம் 'யாழ்ப்பாணம் ரவுண்' என்று, நகரத்துக்காரியாகப் பொய் சொல்லி வருபவள் அவள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே தமிழர் நிறைந்த நோர்பரி முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். "நான் சுகிர்தா. எங்கட பக்கம் மலை இல்லை, பனைதான். அப்பா அதிலை ஏறிக் கள்ளுச் சீவினவர். அந்தக் காசிலைதான் நான் படிச்சனான்." திரேசம்மா அவளை ஏற இறங்கப் பார்க்கிறார்; பிறகு கம்பளிச் சட்டையின் கையை முழங்கைக்குமேல் சுருட்டிவிட்டு, "கிட்ட வாரும் பிள்ளை," என்கிறார், "முதல்லை பிரஷரைப் பாரும். ரெண்டு நாளாத் தலை சுத்துது."