மூன்றடி உயரம்

சக்கரம் முன்னால் போய்விட்டது. அவன் பின்னால் விழுந்தான்.

ஏழாவது முறை.

மரத்தூள் பரப்பிய தரைதான். பெரிய அடி இல்லை. ஆனாலும் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

முதல் காட்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சர்க்கஸ் கூடாரத்துக்குள் வேறு யாரும் இல்லை. கான்வாஸ் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்து கிடந்தது.

தவமணி ஒற்றைச் சக்கர சைக்கிளை நிமிர்த்தினாள். ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவனிடம் நீட்டினாள்.

அவன் அந்தக் கையைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்து ஏறினான்.

தரையிலிருந்து இருக்கை மூன்றடி. உட்கார்ந்ததும் தொடை நடுங்கத் தொடங்கியது.

பதினெட்டு வருடம் நாற்பதடி உயரத்தில் தலைகீழாகத் தொங்கியவன் பரஞ்சோதி. ஊஞ்சல் பாரில் முழங்கால்களைக் கோத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பறந்து வருகிறவர்களின் மணிக்கட்டைப் பற்றுவது அவன் வேலை. அங்கே ஒரு நாளும் பயந்ததில்லை.

பறந்து வந்தவர்களில் ஒருத்தி தவமணி.

பத்து மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில், அவள் கை அவன் கைக்குள் வந்தது.

பிறகு இல்லை.

வலையின் ஓரத்தில் பட்டு வெளியே எகிறினாள். இடுப்பில் தகடு வைத்தார்கள். இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். மற்றவர்களின் உடுப்புகளுக்கு ஜிகினா தைக்கிறாள்.

அவனும் அதற்குப் பிறகு மேலே போகவில்லை. ஏணியின் நாலாவது படியிலேயே கை வியர்த்து வழுக்கியது. மானேஜர் இரண்டு ஊர் பொறுத்துப் பார்த்தார். இந்த ஊருக்கு வந்ததும் ஒற்றைச் சக்கரம் ஓட்டுகிறவன் வேலையை விட்டுப் போய்விட, வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கற்றுக்கொள், முடியாவிட்டால் ஊருக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டார்.

ஊர் என்று அவனுக்கு எதுவும் இல்லை. பதின்மூன்று வயதில் இந்தக் கூடாரத்தோடு கிளம்பி வந்தவன்.

பறக்கத் தொடங்கும் முன்பு தவமணி ஓட்டியது இந்தச் சைக்கிளைத்தான். நான் சொல்லித் தருகிறேன் என்று அவளாகவே மானேஜரிடம் போய் நின்றாளாம்.

பத்து மாதமாகச் சாப்பாட்டு வரிசையில் பார்த்துக்கொள்வார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவன் பேசியதில்லை. அவளும்தான்.

கம்பத்தை விட்டான்.

பெடல் அரைச் சுற்று இறங்கியது. சக்கரம் உயிருள்ளதுபோலத் திமிறியது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. அவள் கை அங்கேதான் இருந்தது. ஒரு சாண் தூரம்.

அவன் தன் கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு விழுந்தான்.

முழங்கை கிழிந்தது. மரத்தூளில் ரத்தம் உடனே ஊறிப்போயிற்று.

அவள் பார்த்துவிட்டாள். எட்டு முறையும் பார்த்திருப்பாள்.

ஏன் என்னைப் பிடிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டாள்.

கை வியர்க்கிறது என்றான். அது உண்மை. உனக்கு ஒரு கால் சரியில்லை, நான் இழுத்தால் நீயும் விழுவாய் என்றான். அதுவும் உண்மை. இன்னொன்றும் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

பிடித்தால், மறுபடி விட்டுவிடுவேன்.

அவள் குனிந்து இருக்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினாள். தட்டிக்கொண்டே சொன்னாள்.

“அன்னிக்கு உங்க காலு பார்ல இருந்து நழுவுச்சுண்ணே. ரெண்டு பேருமே போயிருப்போம். நான்தான் கைய உருவிக்கிட்டேன்.”

தைக்கும்போது நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல இருந்தது அது.

கால் நழுவியதா?

அவன் நினைத்துப் பார்த்தான். விளக்குகள் நினைவிருந்தன. பாண்டு வாத்தியம் சட்டென்று நின்றது நினைவிருந்தது. அவள் மணிக்கட்டில் பூசியிருந்த வெள்ளைப் பொடி, அது தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது, அன்று முழுவதும் கழுவாமலே இருந்தது எல்லாம் நினைவிருந்தது.

கால் மட்டும் நினைவில்லை. இத்தனை நாளும் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் சைக்கிளை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஏறச் சொன்னாள்.

கம்பம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் உள்ளங்கையை நீட்டியிருந்தாள். அவன் கை அதைத் தாண்டிப் போய் மணிக்கட்டைப் பற்றியது. அவள் விரல்களும் அவன் மணிக்கட்டைச் சுற்றி இறுகின.

ஏறி உட்கார்ந்தான். தொடை நடுங்கியது. பயம் எங்கும் போய்விடவில்லை.

அரைச் சுற்று. சாய்ந்தான். அவள் பிடி இழுத்து நிமிர்த்தியது. நல்ல காலை ஊன்றி நின்றுகொண்டாள்.

ஒரு சுற்று.

இன்னொன்று.

அவள் காலை இழுத்து இழுத்துக் கூடவே நடந்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. வலிக்கிறதா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கால் நழுவியது என்றது பொய்யாக இருந்தால் முகத்தில் தெரிந்துவிடும். முகம் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும்.

திரும்பினால் சக்கரம் போய்விடும்.

அவன் நேராகப் பார்த்து மிதித்தான்.