கம்பிகளைத் திருப்பிப் போட்டவள்

பழைய எலக்ட்ரிக் கிதாரை வாங்கிவந்த கையோடு கிளாடிஸ் அதன் ஆறு கம்பிகளையும் கழற்றிவிட்டாள். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவளுடைய இடக்கையில் மூன்று விரல்களைப் பாதியோடு வாங்கிக்கொண்டு இரண்டு வருடமாகிறது. அதுவரை கம்பிகளை அழுத்தியது இடக்கை, மீட்டியது வலக்கை. இனி வேலையை மாற்றிக் கொடுக்கப் போகிறாள். கிதாரின் கழுத்து உச்சியில் கம்பிகள் தங்கும் வெள்ளைக் கட்டையைப் பெயர்த்துத் திருப்பிப் பொருத்தினாள். அப்போதுதான் தடித்த கம்பிக்கு அகலமான பள்ளம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு கம்பியாக எதிர் வரிசையில் மாட்டி முறுக்கினாள். “ஏட்டி, எல்லாத்தையும் தப்பால்லா போடுற?” என்றான் அண்ணன் ரூபன். “தப்பா போட்டாத்தாம்ணே எனக்குச் சரி. நீ ஆம்ப்ளிஃபயரப் போடு.” “வாசிக்க வரலன்னா அழக் கூடாது, சொல்லிட்டேன்.” “வரலன்னா உன்னயப் பாடச் சொல்லி தெருவையே அழ வைக்கேன்.” கிதாரை இடம் வலமாக மாற்றி மடியில் சாய்த்தாள். இடக்கையில் மிஞ்சிய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மீட்டும் வில்லையை இறுக்கிப் பிடித்தன. ஒருநாளும் கம்பியை அழுத்திப் பழகாத வலக்கை விரல்கள் இடம் தேடித்தேடி அமர்ந்தன. ஒரே இழுப்பாக மீட்டினாள். இரண்டு கம்பிகள் ஊமையாகக் கிடந்தன. மற்ற நான்கும் எழுப்பிய ஒலியில் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. வலக்கை விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. “அண்ணே, இன்னும் சத்தம் கூட்டு!” ரூபன் உடனே கூட்டவில்லை. முதலில் போய்த் தெருப்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தான்.