வெஸ்லியைக் கொடுத்துடுங்க!

"வெஸ்லியைக் கொடுத்துத் தொலைங்க சார்! இன்னும் எத்தனை நாளைக்கு அவனைப் பொத்திப் பொத்தி வெச்சுக்கப் போறீங்க?"

ரே ஹலுஸ்கா மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்த டோனா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பன்னிரண்டு நாளாக இதே குரல். பக்கத்து ஊர் லொரெய்னிலிருந்து கிளைட். கிளீவ்லாந்து வானொலியில் இருபத்து மூன்று வருடமாக பிற்பகல் விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர் ரே. எத்தனையோ கிறுக்கர்களைச் சமாளித்தவர்தான். ஆனால் இவன் ஒருத்தன் அவருக்கு ரத்தக்கொதிப்பையே வரவழைத்துவிட்டான்.

அன்று ஜூலை மாதக் கடைசி நாள். பேஸ்பால் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள மாலை ஆறு மணி வரைதான் கெடு. டென்வர் அணி தன்னுடைய நட்சத்திரப் பிட்சர் பிக்கெட்டைத் தரத் தயாராக இருந்தது. அவன் பந்து எறிய வந்தால் மட்டை பிடித்து நிற்பவனுக்கு வியர்த்துவிடும். பதிலுக்கு டென்வர் கேட்டது, கீழ் அணிகளில் வளர்ந்துவரும் இளசுகளை. கிளீவ்லாந்திடம் அப்படி இருந்தவன் வெஸ்லி. எந்த அணி கொடுக்கும்? நாடு முழுக்க அதே பேச்சு.

"தம்பி, நல்லா கேட்டுக்க. ஹூஸ்டன் கொடுக்கலாம். அங்க எல்லாருக்கும் வயசாயிடுச்சு, இந்த வருஷத்தை விட்டா அவங்களுக்குக் கோப்பை கிடையாது. சான் டியேகோ கொடுக்கலாம், அவங்ககிட்ட பசங்க குவிஞ்சு கிடக்காங்க. நாம எதுக்குய்யா கொடுக்கணும்? பிக்கெட்டுக்கு முப்பத்து மூணு வயசு. மூணு மாசம் ஆடிட்டு வேற ஊருக்குப் போயிடுவான். அதுக்காக இருபத்து நாலு வயசுப் பையனைத் தூக்கிக் கொடுக்கச் சொல்றியா?"

"அந்தப் பையன் இங்க இருந்து என்ன சார் கிழிக்கிறான்? அவன் ஆடுற இடம் மூணாவது பேஸ், அங்க மெர்சர் நிக்கிறாரு. இன்னும் ஆறு வருஷத்துக்கு ஒப்பந்தம். மனுஷனுக்கு ஒரு ஜலதோஷம்கூட வர்றதில்ல. வெஸ்லி நாலு வருஷமா கீழ் அணியோட ஊர் ஊரா பஸ்ல அலையுறான்."

"அலையட்டும். பக்குவப்படுவான்."

"அழுகித்தான் போவான். வளைஞ்சு வர்ற பந்துன்னா அவனுக்கு ஆகவே ஆகாது. போன ஆகஸ்ட்ல ஒரே வாரத்துல பதினோரு தடவை பந்தைத் தொடாமலே அவுட் ஆனான்."

"பதினொண்ணா? உக்காந்து எண்ணுனியா?"

"மறக்க முடியல சார்."

ரேவின் குரல் ஏறியது. "அவன் ஆடி ஒரு ஆட்டமாவது கேலரியில உக்காந்து பார்த்திருக்கியா நீ?"

"இல்ல சார். பார்த்ததில்ல."

"பார்த்ததே இல்ல! கேட்டீங்களா மக்களே? பார்க்காமலேயே பன்னிரண்டு நாளா ஒருத்தனைப் போட்டு மிதிக்கிறான். ஏன்டா, அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல? இதைக் கேட்டா அவங்க என்ன பாடு படுவாங்க?"

"வருத்தப்படத்தான் செய்வாங்க சார்."

"டோனா, லைனைக் கட் பண்ணு!"

அடுத்து வந்தவர் பார்மாவில் குழாய் ரிப்பேர் செய்கிறவர். "ரே, அந்தப் பையன் கிளைட் சொல்றதுல ஒரு நியாயம் இருக்குப்பா" என்றார். அதற்கடுத்த பெண்மணியும் அதையே சொன்னாள். ரே ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வீசினார். இரண்டு வாரத்துக்கு முன்பு வெஸ்லியின் பெயரைச் சொன்னாலே தலையில் தூக்கிவைத்து ஆடிய ஊர் இது. இப்போது ரே மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டோனா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். பிக்கெட் கிளீவ்லாந்துக்கு. வெஸ்லி டப்ஸும் இன்னொரு இளம் பிட்சரும் டென்வருக்கு. செத்த குரலில் அதைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரே வீட்டுக்குப் போனார்.

மறுநாளும் ஆத்திரம் தணியவில்லை. விளம்பர இடைவேளையில் டோனா எட்டிப் பார்த்தாள். "சார், கிளைட் லைன்ல இருக்கான். ஒளிபரப்ப வேணாமாம். உங்ககிட்ட மட்டும் பேசணுமாம்."

ரே ரிசீவரைப் பிடுங்காத குறையாக எடுத்தார். "இப்ப திருப்தியா? குளிர்ந்துச்சா மனசு? வாயாலேயே ஒரு நல்ல பையனை ஊரை விட்டுத் துரத்திட்டியேடா! அப்படி என்னடா பண்ணுனான் உனக்கு?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"திட்டுங்க சார், பரவாயில்ல. இந்தப் பன்னிரண்டு நாளும் அவனுக்காகச் சண்டை போட்டது நீங்க ஒருத்தர்தான். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நன்றியா? அவனுக்காக நீ எதுக்குடா நன்றி சொல்றே?"

பின்னால் யாரோ அதட்டலாக நேரத்தைச் சொல்வது கேட்டது. கூடவே ஏதோ பெருங்கூட்டத்தின் இரைச்சல்.

"வெச்சுடறேன் சார், கோச் கூப்பிடுறாரு. இங்க டென்வர்ல இன்னும் கால் மணி நேரத்துல ஆட்டம் ஆரம்பிக்குது. மூணாவது பேஸ்ல இன்னைக்கு நான்தான் நிக்கிறேன்."