மேகம் கடக்கும் வரை

மேகங்கள் உரசிச் செல்லும் ஒரு மரத்தில், பாட்டுகளைச் சேமிக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தூக்கணாங்குருவி உருவாக்கியது. அதன் பயனர் கையேட்டைக் கொக்கு ஊதியமின்றித் திருத்திக் கொடுத்தது.

"சேமித்த பின், ஒரு மேகம் கடக்கும் வரை வானத்தைப் பாருங்கள்" என்றொரு வரி இருந்தது.

"கையேட்டில் கவிதை எதற்கு?" என்று கொக்கு அதை நீக்கிவிட்டது.

பின்னொரு நாள் குயில் வந்தது. "கொக்காரே, கையேட்டில் உள்ளபடியே சேமித்தேன், மூடினேன். பாதிப் பாட்டைக் காணோம். பருவம் முடிகிறது, என் தொண்டை இன்னும் ஒரு முறைதான் தாங்கும்."

"கையேட்டில் ஒரு பிழையும் இல்லையே!"

"மென்பொருளை ஒரு முறையாவது திறந்து பார்த்தீர்களா, பெரியவரே?"

கொக்கு அன்றுதான் அதைத் திறந்தது. தன் குரலைப் பதிந்து, சேமித்து, உடனே மூடியது. திரும்பக் கேட்டபோது "கொ" என்பது மட்டும் ஒலித்தது.

நீக்கிய வரியைக் கொக்கு மீண்டும் எழுதியது. குயில் தன் கடைசிப் பாட்டைப் பாடிச் சேமித்தது. மூடுவதற்கு அலகை நீட்டியது.

"பொறு" என்றது கொக்கு.

இரண்டும் வானத்தைப் பார்த்தன. மேகம் ஒன்று, எவ்வித அவசரமுமின்றி, வந்துகொண்டிருந்தது.